தொட்டால் ஒட்டுமா பாவம்?

தீட்டு என்றால் பாவம்; தொட்டால் ஒட்டிக்கொள்ளும்; ஆகவே பாவியை விட்டு எட்டி நில். இப்படிப் பிரசங்கிப்பவர்கள் ஆதாரம் காட்டுவது பெரும்பாலும் மோசேயின் சட்டத்தைத்தான். அந்தச் சட்டத்தைப் படித்தால் கதை வேறாக இருக்கிறது.

தீட்டே பாவமா? லேவியராகமத்தில் பிள்ளை பெற்றவளுக்குத் தீட்டு. மனைவியோடு சேர்ந்த கணவனுக்கும் மாலைவரை தீட்டு. பலுகிப் பெருகச் சொன்ன கடவுள் அதையே பாவம் என்பாரா? தாய் தகப்பன் இறந்தால் ஆசாரியனே தீட்டுப்படலாம் என்று 21ஆம் அதிகாரம் அனுமதிக்கிறது. எண்ணாகமம் 19 இன்னும் வேடிக்கை. பிணத்தீட்டைக் கழிப்பது சிவப்புக் கிடாரியின் சாம்பல் கலந்த நீர். ஆனால் கிடாரியை எரித்தவன், சாம்பலை வாரியவன், நீரைத் தெளித்தவன் எல்லோருமே உடுப்பைத் தோய்க்க வேண்டும். கட்டளையை நிறைவேற்றப்போய் வந்த தீட்டு அது!

பிள்ளை பெற்றவள் பாவநிவாரணபலி செலுத்தினாளே என்பார்கள். விரதத்தை ஒழுங்காக முடித்த நசரேயனும்தான் செலுத்தினான். பலிபீடத்துக்காகவும் அதே பலி உண்டு. சீத்திம் மரமும் வெண்கலமும் என்ன பாவம் செய்தன?

அடுத்து, ஆகாய் 2. பிணத்தால் தீட்டுப்பட்டவன் தொட்ட அப்பமும் தீட்டாகும் என்று ஆசாரியர்கள் சொன்னது உண்மை. கி.மு. 520இல் மக்களின் நிலையைச் சொல்லத் தீர்க்கதரிசி அதை உவமையாக எடுத்துக்கொண்டார், அவ்வளவுதான். கொலைகாரனைத் தொட்டால் மாலைவரை தீட்டு என்று மோசேயின் சட்டத்தில் ஒரு வரிகூட இல்லை.

அப்படியானால் பாவம் பரவாதா? பரவும், வேறு வழியில். சிந்திய இரத்தம் தேசத்தையே தீட்டுப்படுத்தும் என்கிறது எண்ணாகமம் 35. பிள்ளையை மோளேகு என்ற அந்நிய தெய்வத்துக்குக் கொடுத்தால் பரிசுத்த ஸ்தலமே தீட்டாகும் என்கிறது லேவியராகமம் 20. இந்தத் தீட்டு குளித்தால் போகாது. யூத மார்க்க அறிஞர் ஜோனதன் கிளாவன்ஸ் 2000இல் வெளியிட்ட நூலில் இந்த இருவகைத் தீட்டையும் பிரித்துக் காட்டினார். கொலைகாரனை விட்டு எட்டி நின்றவனும் அதே தேசத்தில்தானே குடியிருக்கிறான்? தள்ளி நின்றதால் என்ன மிச்சம்?

கொஞ்சம் புளித்த மாவு மாவு முழுவதையும் புளிக்கவைக்கும் என்று பவுல் கொரிந்து சபைக்கு எழுதியதும் தீண்டலைப் பற்றியல்ல. தகப்பனின் மனைவியை வைத்திருந்தவனைச் சகித்துக்கொண்டு, அந்தச் சபை பெருமையும் பேசியது. சபைக்குள் இருந்துகொண்டே அப்படி வாழ்பவனோடு சாப்பிடவும் வேண்டாம் என்று அவர் கண்டித்ததை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் உலகத்துப் பாவிகளை எல்லாம் தவிர்ப்பதென்றால் உலகத்தை விட்டே போகவேண்டியிருக்கும் என்றும் அங்கேயே எழுதுகிறார். இரண்டு அதிகாரம் தள்ளி, அவிசுவாசியான கணவன் மனைவியால் பரிசுத்தமாவதாகச் சொல்கிறார். பரவுவது அங்கே பரிசுத்தம்!

மாதவிலக்கு நாளில் திருவிருந்துக்குப் போகக்கூடாது என்பதும் தீட்டையும் பாவத்தையும் ஒன்றாக்கும் இந்தக் குழப்பத்தின் வாரிசுதான். இங்கிலாந்தில் ஊழியம் செய்த அகுஸ்தீன் இதைப் பற்றிக் கேட்டதற்குப் பாப்பரசர் முதலாம் கிரகோரி அனுப்பிய பதிலை, பீடு என்ற வரலாற்றாசிரியர் தம் சபை வரலாற்றில் தருகிறார். மாதவிலக்கான பெண்ணை ஆலயத்திலிருந்தோ திருவிருந்திலிருந்தோ தடுக்கக்கூடாது என்பது பதில். அதற்கு அவர் காட்டும் சாட்சி, பன்னிரண்டு வருஷப் பெரும்பாட்டோடு வந்து இயேசுவின் வஸ்திரத்தைத் தொட்டவள்.