கை எடுத்த பின்னும் பறந்த ட்ரோன்

சென்ற பாடசாலை விடுமுறையில் எமது இல்லத்தில் நிகழ்ந்த ஒரு சம்பவத்தை இவ்வாரம் வாசகர்களுக்குக் கூற விரும்புகின்றோம். சம்பவம் சிறியதே. ஆயினும் அதனால் நாம் பெற்ற பாடம் சிறியதன்று.

எமது தமக்கையாரின் புதல்வன் பத்தாம் வகுப்பிற் பயில்பவன். கணினிக்கு நிரல் எழுதுவதில் மிக்க ஆர்வமுடையவன். உறவினர் ஒருவர் அவனுக்கு டெலோ என்னும் சிறு ட்ரோன் ஒன்றைப் பரிசாக அளித்திருந்தார். 2018 ஆம் ஆண்டில் வெளிவந்த இப்பறக்கும் பொறி ஏறக்குறைய 80 கிராம் நிறையுடையது. நான்கு சிறு சுழலிகளின் விசையால் எழும்புவது. பிறர் செய்து தந்த செயலியைக் கொண்டு அதனை இயக்குவதில் அவனுக்குத் திருப்தியில்லை. “மாமா, செயலியை நானே எழுதப் போகிறேன்” என்று கூறி, டேப்லெட்டும் மடிக்கணினியுமாக இரண்டு வாரம் அமர்ந்துவிட்டான்.

கம்பியின்றித் தொலைவிலிருந்து ஒரு பொறியை இயக்கும் வித்தை புதியதன்று. 1898 ஆம் ஆண்டிலேயே நிக்கோலா டெஸ்லா என்னும் அறிஞர், நியூயோர்க் நகரத்து மடிசன் ஸ்குயார் கார்டன் மண்டபத்தில், நீரில் மிதந்த ஒரு சிறு படகை வானொலி அலைகளால் இயக்கிக் காட்டினார். அதைக் கண்டோர் மாயமோ என்று மயங்கினர். 2010 ஆம் ஆண்டிலோ, பரிஸ் நகரத்துப் பரொட் நிறுவனத்தார் கைத்தொலைபேசியைக் கொண்டு வைபை மூலம் இயக்கத்தக்க ட்ரோன் ஒன்றைக் காட்சிக்கு வைத்ததுடன், அதற்குக் கட்டளையிடும் முறையையும் யாவரும் அறிய வெளியிட்டனர். டெலோவும் அவ்வழி வந்ததே. ஆதலால் அன்று மாயமெனத் தோன்றியது இன்று மாணவர் கைக்கு எட்டியுள்ளது.

அம்முறை யாதெனின்: ட்ரோன் தானே ஒரு வைபை வலையமைப்பை உண்டாக்குகின்றது. டேப்லெட் அவ்வலையிற் சேர்ந்துகொள்ளும். 192.168.10.1 என்பது ட்ரோனின் விலாசம். 8889 என்பது அது செவிகொடுக்கும் வாயிலின் இலக்கம். அவ்விலாசத்துக்கு முதலில் ‘கமாண்ட்’ என்னும் சொல்லை அனுப்புதல் வேண்டும். ‘ஓகே’ என்று மறுமொழி வரும். பின்னர் எழும்பு, இறங்கு, 50 சென்ரிமீற்றர் மேலே செல் என்றெல்லாம் எளிய ஆங்கிலச் சொற்களாற் பணிக்கலாம். தொடர்ந்து செலுத்துவதற்கு நான்கு எண்கள் போதும். இடம் வலம், முன் பின், மேல் கீழ், சுழற்சி ஆகிய நான்குக்கும் சதத்திற்கும் மறைச் சதத்திற்கும் இடையே ஒவ்வோர் எண். நான்கும் பூச்சியமாயின் பொறி நின்ற இடத்திலேயே மிதக்கும்.

நம் மாணவன் டேப்லெட்டின் திரையில் இரண்டு வட்டங்களை வரைந்தான். வட்டத்தின் நடுவினின்றும் விரல் எத்துணைத் தூரம் விலகுகின்றதோ அதற்கேற்ப எண் பெரிதாகும். அந்நான்கு எண்களையும் விநாடிக்குப் பத்து முறை அனுப்புமாறு நிரலில் ஒரு தனிப்பகுதியை அமைத்தான்.

இக்கட்டளைகள் யூ.டி.பி. என்னும் முறையிற் செல்வன. அது சாதாரண தபால் போன்றது. கடிதம் சேர்ந்தது என்பதற்கு அத்தாட்சி இல்லை. பதிவுத் தபாலை விடுத்து இதனைக் கொள்வானேன் என வாசகர்கள் வினவலாம். காரணம் உண்டு. வழியிற் தவறிய ‘முன்னே செல்’ என்னும் கட்டளையைத் தேடிப்பிடித்து இரண்டு விநாடி கழித்துக் கொண்டு சேர்ப்பதனால் நன்மையில்லை; அப்போது ட்ரோன் சுவரின் அருகே நிற்கக்கூடும். தவறியது தவறட்டும், புதியது உடனே வரும் என்பதே இம்முறையின் கொள்கை.

வெள்ளோட்ட நாளில் வீட்டு மண்டபத்தில் எல்லோரும் கூடியிருந்தோம். சிறுவனின் மூன்று வயதுத் தங்கை பாயில் அமர்ந்து விளையாடிக் கொண்டிருந்தாள். ட்ரோன் எழும்பிற்று, இடமும் வலமும் சென்றது, எல்லோரும் கைதட்டினோம். அடுத்த கணம் அது நேர்முன்னே விரைந்தது. பையன் இரு கைகளையும் திரையினின்றும் எடுத்துவிட்டான். அப்போதும் அது நிற்கவில்லை. குழந்தையின் தலைக்கு ஒரு சாண் உயரத்தில் அதனைக் கடந்து, யன்னற் சீலையில் மோதி விழுந்தது. குழந்தைக்கு யாதொன்றும் நேரவில்லை. தமக்கையார் ஓடிவந்து அவளை வாரி அணைத்துக்கொண்டார். “நான் விரலை எடுத்துவிட்டேனே மாமா, அது ஏன் நிற்கவில்லை?” என்று கேட்ட பையனின் முகம் வெளிறியிருந்தது.

அன்றிரவு அவனுடன் அமர்ந்து நிரலை வரிவரியாக வாசித்தோம். பழுது பொறியில் இருக்கவில்லை. அவன் இட்ட வட்டம் திரையின் ஓரத்தையொட்டி இருந்தது. ஓரத்திலிருந்து உள்நோக்கி வழுக்கிய விரலை, ‘திரும்பிச் செல்’ என்னும் சைகையாக டேப்லெட் எடுத்துக்கொண்டது. அவ்வாறு எடுத்துக்கொள்ளும்போது, செயலிக்கு ‘விரல் எடுக்கப்பட்டது’ என்ற செய்தி வருவதில்லை. ‘தொடுகை இரத்தாயிற்று’ என்னும் வேறொரு செய்தியே வரும். அதனை அவனுடைய நிரல் கவனிக்கவில்லை. செயலி திரையினின்றும் மறைந்தது. இறங்கு பொத்தானும் உடன் மறைந்தது. ஆயின் கட்டளை அனுப்பும் பகுதி மாத்திரம் ஓயாமல், கடைசியாகக் கண்ட எண்ணையே அனுப்பிக்கொண்டிருந்தது.

இங்கு ஊன்றிக் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. பதினைந்து விநாடி வரை கட்டளை யாதும் வராவிடின் டெலோ தானாகவே இறங்கிவிடும். அமைத்தோர் அத்தகைய காவலை அதனுள் வைத்துள்ளனர். அக்காவல் அன்று பயன்படவில்லை. ஏனெனில் அது மௌனத்தையே ஆபத்தின் அடையாளமாக அறியும். எமது செயலியோ மௌனமாக இருக்கவில்லை. ஆளில்லாத வீட்டிலிருந்து வரும் குரல்போல ஓயாது பேசிக்கொண்டிருந்தது. கேட்ட பொறி கீழ்ப்படிந்தது. அதன்மேற் குற்றமில்லை.

மறுநாட் காலை பையன் நான்கு திருத்தங்களைச் செய்தான். தொடுகை எவ்விதம் முடிந்தாலும் நான்கு எண்களும் பூச்சியமாதல் வேண்டும். செயலி திரையைவிட்டு நீங்கும்போது முதலில் ‘நில்’ என்றும் பின்னர் ‘இறங்கு’ என்றும் பணித்து, அனுப்பும் பகுதியும் அடங்குதல் வேண்டும். வட்டங்கள் ஓரத்தைவிட்டு உள்ளே வருதல் வேண்டும். இறங்கு பொத்தான் கண்ணை மூடிக்கொண்டும் தொடத்தக்க அளவு பெரிதாதல் வேண்டும். அதன் பின்னும் உடனே பறக்கவிடவில்லை. ட்ரோனுக்குப் பதிலாக மடிக்கணினியின் விலாசத்தைக் கொடுத்து, வரும் எண்களை அதன் திரையிற் பார்த்தோம். வேண்டுமென்றே ஓரத்தில் வழுக்கினோம். செயலியை இடையில் மூடினோம். ஒவ்வொரு முறையும் பூச்சியம் வந்த பின்னரே பொறியைக் கையில் எடுத்தோம்.

மாணவர்களே! பறக்கச் செய்வது ஒரு பாதி வேலையே. விரல் வழுக்கினால், தொடர்பு அறுந்தால், செயலி மறைந்தால் என்ன நிகழும் என்று முன்னரே எண்ணி எழுதுவது மற்றப் பாதி. வெளியிற் பறக்கவிட விரும்புவோர் சிவில் விமான சேவைகள் அதிகார சபையின் விதிகளையும் முதலில் விசாரித்து அறிந்துகொள்வார்களாக. பெற்றோருக்கும் ஒன்று கூறுவோம்: பிள்ளை தவறு செய்தான் என்று கருவியைப் பூட்டி வைத்துவிடாதீர்கள். அவனருகே அமர்ந்து தவறு எங்கே என்று தேடுங்கள்.

ட்ரோன் இப்போதும் எம்மில்லத்தில் மாலை வேளைகளிற் பறக்கின்றது. ஆனால் எழும்புமுன் பையன் செய்யும் முதல் வேலை, தங்கையைப் பாயினின்றும் தூக்கிச் சென்று தாயாரிடம் கொடுப்பதேயாகும். அதனை எந்த நிரலிலும் அவன் எழுதவில்லை.