அசனத்துக்கு மட்டும் வருகிறவர்கள்

பிரதிஷ்டைப் பண்டிகை வந்தால் நாசரேத், மெஞ்ஞானபுரம், முதலூர்ப் பக்கத்து ஊர்களில் பூட்டிக் கிடந்த வீடுகள் திறந்துகொள்ளும். சென்னை, பெங்களூரு, துபாய் என்று சிதறிப்போன நாங்கள் அசனம் என்கிற சபை விருந்துக்கு வந்துவிடுவோம். முந்தின ராத்திரியே கோயில் வளாகத்தில் அடுப்பு மூட்டி, ஆண்கள் உட்கார்ந்து வெங்காயம் உரிக்க, விடிய விடிய கறிக்குழம்பு கொதிக்கும். ஆராதனை முடிந்ததும் பந்தி. எந்தச் சபை, எந்த மதம் என்று கேட்காமல் வந்தவர்களுக்கெல்லாம் சோறு. அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. குறை எங்களிடம்தான்.

கோயிலுக்கு நாலு வீடு தள்ளிப் படுக்கையில் கிடக்கிற ஆச்சிக்கும் தூக்குவாளியில் சோறு போகிறது. கொண்டுபோகிற பையன் நடையில் வைத்துவிட்டு, "ஆச்சி, அசனச் சோறு" என்று ஒரு குரல் கொடுத்து அடுத்த வீட்டுக்கு ஓடுகிறான். அவனைச் சொல்லி என்ன, அவன் கையில் இன்னும் மூன்று வாளி. உள்ளே போய்க் கட்டிலோரம் உட்கார வேண்டியவர்கள் நாங்கள். நற்கருணையை வீட்டுக்குக் கொண்டுபோவது ஐயரவர்கள் வேலை, ஜெபிப்பது உபதேசியார் வேலை என்று பிரித்துக் கொடுத்துவிட்டோம். எங்களுக்கென்று எதையும் வைத்துக்கொள்ளவில்லை.

இத்தனைக்கும் இந்த ஊர்களில் சிலவற்றின் பிறப்பே அடைக்கலத்தில்தான். புதிதாக விசுவாசத்துக்கு வந்து அடிபட்டு நின்றவர்களைக் குடியமர்த்த, 1799இல் நிலம் வாங்கி உண்டாக்கிய ஊர் முதலூர். எங்கள் பாட்டிமார் உலை வைக்கும்போதெல்லாம் ஒரு கைப்பிடி அரிசியைக் காணிக்கைக்கு ஒதுக்கினார்கள். இல்லாத காலத்தில் ஒதுக்கியது அது.

சொந்த வீட்டுக் கதை இதைவிட மோசம். எண்பதை நெருங்குகிற அம்மா, நாங்கள் வருவதற்கு ஒரு வாரம் முந்தியே ஒட்டடை அடித்து, மெத்தையை வெயிலில் போட்டு, முறுக்கு சுட்டு டப்பாவில் அடைத்திருப்பார். பேரனுக்கு எரியும் என்று காரமில்லாமல் தனிக்குழம்பு. மூட்டுவலியோடு அடுப்படியில் நிற்பார். நாங்கள் கருப்பட்டிக் காபியைக் குடித்துக்கொண்டு, அம்மா கைப்பக்குவம் யாருக்கும் வராது என்போம். யார் யாருக்கு விருந்து வைக்க வேண்டிய வயது இது? பெற்றவர்களின் வீட்டில் விருந்தாளிகளாகிப் போனோம். அதைப் பாசம் என்று சொல்லித் தப்பித்துக்கொண்டோம்.

பெற்றோர் பராமரிப்புச் சட்டம் 2007இல் வந்தது. கைவிட்ட பிள்ளைக்கு மூன்று மாதம் வரை சிறை உண்டு. நாங்கள் அதில் மாட்ட மாட்டோம். பணம் மாதா மாதம் போய்விடுகிறது, மருந்து ஆன்லைனில் போய்விடுகிறது. ஞாயிற்றுக்கிழமை பாவ அறிக்கையில் செய்த குற்றங்களோடு செய்யாமல் விட்டதையும் சேர்த்துத்தான் சொல்கிறோம். அந்த இடத்தை எப்போதும் கொஞ்சம் வேகமாகவே சொல்லிவிடுகிறோம்.

எங்களுக்கும் ஐம்பது தாண்டிவிட்டது. கனடாவிலிருக்கும் பிள்ளைகள் அசனத்துக்காவது வருவார்களா என்பது சந்தேகம்.

இந்த வருஷப் பண்டிகைக்கு வாட்ஸ்அப் குழுவில் பேச்சு தொடங்கிவிட்டது. கறி எத்தனை கிலோ, பந்தல் யாரிடம் என்று ராத்திரி பதினொரு மணி வரை நீண்டது. நடுவில் உபதேசியார், படுக்கையில் இருக்கும் பெரியவர்களின் பட்டியலைப் போட்டு, யார் யார் பார்க்கப் போகிறீர்கள் என்று கேட்டிருந்தார். சிலர் கைகூப்பும் பொம்மை போட்டோம். அதன் பின்னால் நன்கொடைக்கான எண் வந்தது. அன்றைக்கே எல்லாரும் அனுப்பிவிட்டோம்.