ஒத்தத் தலைவலி மாத்திரை மிட்டாய் இல்லீங்க

1/ சிலமலை, போடியில இருந்து ஏலத்தோட்டத்துக்கு ஜீப் ஏறுறவங்க பலர் கைவசம் எர்கோட்டமின் மாத்திரை இருக்கு. டாக்டர் சீட்டு? கிடையாது.

2/ இது ஷெட்யூல் எச் மருந்து. சீட்டில்லாம விக்கிறது சட்டப்படி தப்பு.

3/ ரத்தக்குழாயைச் சுருக்கும். கர்ப்பிணிகள், இதய நோயாளிகள் தொடவே கூடாது. கிளாரித்ரோமைசினோட சேர்ந்தா விரலே அழுகிப்போகலாம்.

4/ மாசத்துல 10 நாளோ அதுக்கு மேலயோ, 3 மாசம் தாண்டிப் போட்டா, மாத்திரையே தலைவலி கொடுக்கும்.

5/ "லீவு போட்டா கூலி போச்சு டாக்டர்"ங்கிறாங்க. நியாயம்தான். என் கோபம் அவங்க மேல இல்ல, சீட்டு கேக்காம அட்டையை நீட்டுற கடைக்காரர் மேல.

6/ அடிக்கடி வலிக்குதா? வராம தடுக்கவே ப்ரோப்ரனலால் மாதிரி மருந்துகள் இருக்கு. ஆஸ்துமா இருந்தா முதல்லயே சொல்லிடுங்க. அதையும் டாக்டரைப் பார்த்துத்தான் வாங்கணும்.