ஹெட்போன் மாத்தப் போறீங்களா? கொஞ்சம் பொறுங்க!

போன மாசம் என்னுடைய இயர்போன் செத்துப்போனது. ஒரேயடியாகச் சாகவில்லை. முதலில் இடது காது மட்டும் விட்டுவிட்டுப் பாடியது. வயரை ஒரு மாதிரி வளைத்துப் பிடித்தால் இரண்டு காதும் பாடும். பஸ் ஒரு குழியில் இறங்கினால் மறுபடி ஒரு காது ஊமை. பத்து நாள் வயரை விரலால் பிடித்துக்கொண்டே ராஜா பாட்டு கேட்டேன். பதினோராவது நாள், "பார்க்கவே பாவமா இருக்குடா, புதுசு வாங்கித் தொலை" என்று பக்கத்து சீட்டு நண்பனே சொல்லிவிட்டான்.

கையில் 4,000 ரூபாய் இருந்தது. தெருவில் பத்தாம் வகுப்புப் பசங்களுக்குக் கணக்கு டியூஷன் எடுத்துச் சேர்த்தது. அதை வகுப்பில் வாய்விட்டுச் சொன்னதுதான் நான் செய்த தப்பு. "மச்சி, இதுல பாஸ் சும்மா அதிரும்" என்று ஒருவன். "வயரெல்லாம் தாத்தா காலத்துச் சமாச்சாரம்" என்று இன்னொருவன். "இன்னும் ஒரு 3,000 போட்டா சூப்பரா ஒண்ணு வரும்டா" என்று மூன்றாமவன். அந்த "இன்னும் கொஞ்சம் போட்டா" இருக்கிறதே, அது ஒரு ஏணி. அதற்கு உச்சிப்படி கிடையாது. ஒவ்வொரு படியிலும் ஒருத்தன் நின்றுகொண்டு அடுத்த படிக்குக் கை நீட்டுவான்.

இரண்டு வாரம் படித்து, கேட்டு, நண்பர்களுடையதை எல்லாம் இரவல் வாங்கிக் காதில் மாட்டிப் பார்த்த பிறகு நான் வந்து சேர்ந்த முடிவு இது. நம்மைப் போன்ற மாணவர்களுக்குப் பெரும்பாலும் 2,000 ரூபாய்க்கு மேல் போக வேண்டிய அவசியமே இல்லை. விலையைப் பார்ப்பதற்கு முன்னால், எங்கே உட்கார்ந்து கேட்கிறோம் என்பதைப் பார்க்க வேண்டும். அதைப் பார்க்காமல் வாங்கினால் பணம் மட்டுமில்லை, காதும் போகும்.

விலை ஏறினால் ஒலி நன்றாக இருக்குமா?

இருக்கும் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். 2017இல் ஜெரோன் ப்ரீபார்ட் என்ற ஒலி ஆராய்ச்சியாளர் 283 ஹெட்போன்களை அளந்து ஒரு கட்டுரை வெளியிட்டார். ஒரு ஹெட்போன் தாழ்ந்த ஒலி, நடு ஒலி, உச்ச ஒலி இவற்றை எந்த விகிதத்தில் கொடுக்கிறது என்ற அளவுக்கும் அதன் விலைக்கும் தொடர்பே இல்லை என்பதுதான் அதன் முடிவு. விலை கூடக்கூட மற்ற வசதிகள் கூடலாம். நல்ல தோல், உறுதியான உடம்பு, அழகான பெட்டி எல்லாம் வரும். ஆனால் காசு கூடக் கொடுத்ததற்காகவே பாட்டு திருத்தமாகக் கேட்கும் என்று எந்த உத்தரவாதமும் இல்லை.

இதற்கு அர்த்தம் 150 ரூபாய் பிளாட்பார இயர்போனும் நல்லதும் ஒன்று என்பதல்ல. அடிமட்டத்திலிருந்து முதல் படி ஏறும்போது வித்தியாசம் பளிச்சென்று தெரியும். அதற்கு மேல் ஒவ்வொரு படிக்கும் விலை இரண்டு மடங்காகும். காதுக்குக் கிடைப்பது சுண்டைக்காய் அளவு.

முதலில் நோய் என்ன என்று பாருங்கள்

வாங்குவதற்கு முன்னால் இருப்பதைச் சோதியுங்கள். செலவே இல்லாத வைத்தியம் சில உண்டு.

1. போனில் வயர் செருகும் துளைக்குள் சட்டைப்பை பஞ்சு அடைந்திருக்கும். போனை அணைத்துவிட்டுப் பல்குத்தும் குச்சியால் மெதுவாக எடுத்துப் பாருங்கள். "ஒரு பக்கம் கேட்கலை" என்ற புகாரில் பல இதிலேயே தீரும். (என்னுடையது தீரவில்லை, அது வேறு கதை.)

2. காதுக்குள் போகும் ரப்பர் முனையை மாற்றிப் பாருங்கள். "இதுல பாஸே இல்லை" என்று நாம் திட்டும் இயர்போன்களில் பாதி, காதில் சரியாக அடையாதவை. சின்ன இடைவெளி இருந்தால் போதும், முதலில் ஓடிப்போவது தாழ்ந்த ஒலிதான். பெட்டியோடு வரும் மூன்று அளவுகளில் நடு அளவையே எல்லோரும் போட்டுக்கொண்டு திரிகிறோம். எனக்கு இடது காதுக்குப் பெரியது, வலது காதுக்கு நடு என்று வருகிறது. சிரிக்காதீர்கள், உங்களுக்கும் அப்படி இருக்கலாம்.

3. போனில் ஈக்வலைசர் இருக்கும். யாரோ எப்போதோ "பாஸ் பூஸ்ட்" போட்டுவிட்டுப் போயிருப்பார்கள். அதை எடுத்துவிட்டுக் கேளுங்கள்.

இவ்வளவும் செய்த பிறகும் குறை தெரிந்தால்தான் கடைக்குப் போக வேண்டும்.

எங்கே கேட்கிறீர்கள்?

எனக்கு ஊர் குமாரபாளையம், காலேஜ் சேலத்தில். போக ஒன்றேகால் மணி நேரம், வர ஒன்றேகால். வாரத்தில் ஐந்து நாள் என்றால் பன்னிரண்டரை மணி நேரம் பஸ்ஸிலேயே பாட்டு கேட்கிறேன். எங்கள் ரூட் தனியார் பஸ்களைத் தெரிந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. என்ஜின் ஒரு பக்கம், ஏர் ஹாரன் ஒரு பக்கம், இது போதாதென்று பஸ் ஸ்பீக்கரிலும் பாட்டு. அதை ஜெயிக்க நான் போனில் சத்தத்தைக் கூட்டுவேன். செத்துப்போன அந்த இயர்போன் காதின் வாசலில் சும்மா தொங்கும் ரகம், வெளிச்சத்தத்தைத் தடுக்கவே தடுக்காது. அதனால் முக்கால்வாசிக்கு மேல் வைத்துத்தான் கேட்டேன். பஸ்ஸை விட்டு இறங்கி நடக்கும்போது காதில் "கொய்ங்" என்று ஒரு சத்தம் கூடவே வரும். பழகிவிட்டது என்று விட்டுவிட்டேன்.

ஒருநாள் அந்தச் சத்தம் ராத்திரி படுக்கும் வரைக்கும் போகவில்லை. பக்கத்து அறையில் டிவி அலறிக்கொண்டிருந்தது. அப்பா இருபத்தைந்து வருஷம் விசைத்தறி ஓட்டியவர். தறிப்பட்டறையின் சத்தம் 90 டெசிபலைத் தாண்டும்; காதில் பஞ்சு வைக்கக்கூட யாரும் சொன்னதில்லை. இன்றைக்கு அவரிடம் எதையும் இரண்டு தடவை சொல்ல வேண்டும். "என்ன கண்ணு சொன்ன?" என்று கேட்டுவிட்டு உதட்டைப் பார்ப்பார். அப்பாவுக்குக் காது போனது எங்களுக்குச் சோறு போடுவதற்காக. எனக்குப் போனால் எதற்காக என்று அன்றைக்கு யோசித்தேன். பதில் நன்றாக இல்லை.

அப்புறம்தான் கணக்கைத் தேடிப் படித்தேன். உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்லும் எல்லை 80 டெசிபலில் வாரம் 40 மணி நேரம். 3 டெசிபல் கூடினால் நேரம் பாதியாகும். 83 என்றால் 20 மணி, 86 என்றால் 10 மணி, 89 என்றால் 5 மணி. என் பன்னிரண்டரை மணி நேரத்துக்கு 86ஏ அதிகம். காதுக்குள் இருக்கும் மெல்லிய மயிர்ச் செல்கள் ஒருமுறை செத்தால் மறுபடி முளைப்பதில்லை. ஹெட்போன் செத்தால் மாற்றலாம், இதை மாற்ற முடியாது.

ஆகவே பஸ்ஸில் கேட்பவனுக்கு முதல் தகுதி பாஸும் இல்லை, பிராண்டும் இல்லை. வெளிச்சத்தத்தை அடைப்பது. வெளியில் குறைந்தால் உள்ளே குறைவாக வைத்தாலே போதும்.

கண் முன்னால் இருந்த மூன்று வழிகள்

முதலாவது, தலையில் மாட்டும் லேசான, திறந்த ரக ஹெட்போன். 1979இல் சோனி வாக்மேனோடு வந்த பஞ்சு வைத்த ஹெட்போனின் வம்சம். இந்த வகையில் காஸ் கம்பெனியின் போர்ட்டா ப்ரோ ஒரு அதிசயம். 1984இல் வந்தது, இன்றும் கிட்டத்தட்ட அதே உருவத்தில் விற்கிறார்கள். ஒரு நண்பனின் அண்ணன் வைத்திருந்ததை வாங்கிக் கேட்டேன். பாட்டு காதுக்குள் இல்லாமல் அறையில் ஓடுகிற மாதிரி இருந்தது. உண்மையிலேயே ஆசை வந்தது. ஆனால் அதைப் போட்டுக்கொண்டு பஸ்ஸில் ஏறினால், பஸ் முழுவதும் உள்ளே வரும், என் பாட்டு முழுவதும் வெளியே போகும். வீட்டில், ஹாஸ்டல் அறையில் தனியாகக் கேட்பவர்களுக்கு நான் கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். எனக்குச் சரிவராது.

இரண்டாவது, ப்ளூடூத்தில் சத்தம் குறைக்கும் வசதி கொண்டது. நியாயமாகச் சொன்னால், என்ஜினின் "ர்ர்ர்" என்ற தொடர் இரைச்சலைக் குறைப்பதில் இந்த நுட்பம் கெட்டி. ஆனால் அந்தக் குட்டி பேட்டரி வருஷத்துக்கு வருஷம் தேயும், பெரும்பாலானவற்றில் அதை மாற்றவும் முடியாது. பேட்டரி போனால் நல்ல ஸ்பீக்கரையும் சேர்த்துத் தூக்கிப் போட வேண்டும். வயர் ஒன்று ஒழுங்காக இருந்தால் ஐந்து வருஷம் ஓடும். கூட்டத்தில் ஒரு பக்கம் கீழே விழுந்து தொலைவதும் இல்லை.

மூன்றாவது, காதை நன்றாக அடைக்கும் வயர் இயர்போன். முன்பெல்லாம் மேடைப் பாடகர்கள் காதில் போடும் ரகம் என்றாலே எட்டாத விலை. சீனக் கம்பெனிகள் போட்டி போட்டு அதைக் கீழே கொண்டு வந்துவிட்டன. 2022இல் மூன்ட்ராப் சூ, செவன் ஹெர்ட்ஸ் சால்நோட்ஸ் ஜீரோ போன்றவை 20 டாலர் அளவில் வந்தபோது, அவற்றைப்போலப் பல மடங்கு விலையுள்ளவற்றோடு வைத்துப் பேசினார்கள். இந்த வகையில் வாங்கும்போது ஒன்றை மட்டும் கவனியுங்கள்: வயர் கழற்றி மாட்டும்படி இருக்க வேண்டும். நமக்குச் சாவது எப்போதும் வயர்தான். சூவின் முதல் வடிவத்தில் கழற்ற முடியாது. 2023இல் வந்த இரண்டாவது வடிவத்தில் முடியும்.

நான் மூன்றாவது வழியில் போனேன்.

போனில் துளையே இல்லாதவர்களுக்கு

2016இல் ஐபோன் 7 பிரபலமாக்கிய பழக்கம், இப்போது பல போன்களில் ஹெட்போன் துளை கிடையாது. ஒரு சின்ன டாங்கிள் வாங்க வேண்டும். அதற்குள் டிஜிட்டலை ஒலியாக மாற்றும் சிப் இருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள். சிப் இல்லாத வெறும் வயர் டாங்கிள் சில போன்களில் மட்டும்தான் வேலை செய்யும். ஆப்பிளின் டாங்கிள் நல்ல பெயர் வாங்கியது. ஆனால் பல ஆண்ட்ராய்டு போன்களில் அதில் சத்தம் குறைவாக வரும். நண்பனுடையதில் ஒருமுறை செருகிப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

கேட்டுப் பார்ப்பது எப்படி?

கடைக்காரர் போடும் குத்துப்பாட்டை நம்பாதீர்கள். எந்த டப்பாவிலும் அது அதிரும். உங்களுக்கு அட்சரம் அட்சரமாகத் தெரிந்த பாட்டைப் போடுங்கள். என் சோதனை மூன்று. மிருதங்கத்தின் தொப்பிப் பக்கம் "தும்" என்று உருண்டு வர வேண்டும், "டம்" என்று தகர டப்பா போல வரக்கூடாது. இளையராஜாவின் பேஸ் கிட்டார் பாடகர் குரலை மூடாமல் தனிக்கோடாக ஓட வேண்டும். மூன்றாவது, 1986இல் வந்த "ஹவ் டு நேம் இட்?" தொகுப்பில் வி.எஸ்.நரசிம்மனின் வயலின் உச்சத்துக்குப் போகும்போது காது கூசக்கூடாது. இந்த மூன்றும் தேறினால் எடுத்துக்கொள்ளலாம்.

"ஒரேயடியா நல்லதா வாங்கிட்டா திரும்பத் திரும்ப வாங்க வேண்டாமே?" என்று கேட்டான் அந்த மூன்றாமவன். வாட்ச்சுக்கு, செருப்புக்கு அது சரியாக இருக்கலாம். பையில் சுருட்டிப் போட்டு, கூட்டத்தில் இழுபட்டு, மழையில் நனையும் பொருளுக்கு அது பொருந்தாது. 7,000 ரூபாய் ஹெட்போனைப் பஸ்ஸில் போட்டுக்கொண்டு பாட்டையா கேட்பேன்? யார் கை படுகிறது என்றுதான் பார்த்துக்கொண்டிருப்பேன்.

வாங்கியாகிவிட்டது. 1,800 ரூபாய் ஆனது. இப்போது பஸ்ஸில் பாதிக்கும் கீழேதான் வைக்கிறேன், பழைய பாட்டில் இதுவரை கேட்காத ஒரு ஷேக்கர் சத்தமெல்லாம் கேட்கிறது. இறங்கும்போது அந்தக் "கொய்ங்" இல்லை. ரோட்டைக் கடக்கும்போது மட்டும் கழற்றிவிடுகிறேன், நீங்களும் கழற்றுங்கள்.

மீதி 2,200 ரூபாய் இருக்கிறது. அடுத்த சனிக்கிழமை அப்பாவை ஈரோட்டுக்குக் காது டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போகிறேன். "எனக்கென்ன, நல்லாத்தான் கேக்குது" என்கிறார். இரண்டு தடவை சொன்ன பிறகுதான் அந்தப் பதிலும் வந்தது.

டிஸ்கி: மேலே சொன்ன எந்தக் கம்பெனியும் எனக்கு ஒரு பைசா தரவில்லை. தந்தால் வேண்டாம் என்று சொல்லமாட்டேன், ஆனால் கட்டுரை மாறாது :-)