முகம் நடிக்காது

பழைய இங்கிலீஷ் சினிமாவை ரசிப்பவர்களிடம் மார்கரெட் ரூதர்ஃபோர்டைப் பற்றிப் பேச்சு எடுத்தால், இரண்டு அபிப்பிராயங்களில் ஒன்றைச் சொல்லித் திருப்தி அடைந்துவிடுகிறார்கள். "அந்த முகவாய்க்கட்டையும் உருட்டு விழியும் போதுமே, அந்த அம்மாள் நடிக்கவே வேண்டாம்!" என்பது ஒன்று. கொஞ்சம் படித்தவர்கள் சொல்வது மற்றொன்று: "பாவம், பட்ட துயரத்தையெல்லாம் சிரிப்பாக மாற்றிக் கொடுத்தாள் புண்ணியவதி." முதல் கட்சி அவருடைய கலையை உடம்பின் கணக்கில் வரவு வைக்கிறது; இரண்டாம் கட்சி விதியின் கணக்கில் வைக்கிறது. அந்த அம்மாளின் கணக்கில் ஒரு காலணா வைக்க இருவருக்கும் மனம் வரவில்லை.

துயரக் கதை உண்மைதான். தகப்பனார் வில்லியம் பென், 1883-ல் சித்தம் கலங்கிய நிலையில், பாதிரியாரான தம் சொந்தத் தந்தையையே அடித்துக் கொன்றார். பிராட்மூர் என்ற மனநோய்ச் சிறையில் கிடந்து 1890-ல் வெளியே வந்ததும், பென் என்ற பெயரை உதறி ரூதர்ஃபோர்ட் ஆனார். 1892-ல் லண்டனில் மார்கரெட் பிறந்தார். கைக்குழந்தையோடு அந்தக் குடும்பம் வந்து இறங்கிய ஊர் நம்முடைய சென்னை. இங்கேதான் அவருடைய தாயார் தம் உயிரைத் தாமே போக்கிக்கொண்டார். மூன்று வயதுக் குழந்தை இங்கிலாந்துக்குத் திரும்பி, விம்பிள்டனில் தாய்வழி உறவான பெஸ்ஸி என்ற அம்மாளிடம் வளர்ந்தது. இறந்துவிட்டார் என்று சொல்லப்பட்ட தகப்பன், உயிரோடு மறுபடியும் பிராட்மூரில் அடைபட்டிருக்கிறார் என்ற உண்மை சிறுமியாக இருக்கும்போதே தெரியவந்தது. மனச்சோர்வு அவரை ஆயுள் முழுவதும் அவ்வப்போது வந்து பிடித்துக்கொண்டுதான் இருந்தது.

இவ்வளவும் நடந்தது. ஆனால் நான் கேட்கிறேன்: துயரம்தான் நடிப்புச் சொல்லிக்கொடுக்கும் என்றால், இந்த உலகத்தில் நடிகர்களுக்குப் பஞ்சம் ஏது? துயரம் எட்டிப் பார்க்காத வீடு எந்தத் தெருவில் இருக்கிறது? அந்த வீடுகளிலெல்லாம் மேதைகளா பிறந்துவிட்டார்கள்? துயரம் மனிதர்களைப் பெரும்பாலும் முடக்கித்தான் போடுகிறது. முடங்காமல் எழுந்து நடந்தவர்களைப் பார்த்து, "உன்னை நடக்க வைத்தது உன் நோய்தான்" என்று சொல்வது அனுதாபமாகுமா? அது அபகரிப்பு.

அந்த அம்மாள் நடந்த பாதை எது? பியானோவும் பேச்சுப் பயிற்சியும் சொல்லிக்கொடுத்துச் சம்பாதித்தவர் அவர். ஒரு சொல்லை எங்கே அழுத்துவது, எங்கே மூச்சு வாங்குவது என்று மற்றவர்களுக்குப் போதிப்பது சாமானியமான பயிற்சியா? பெஸ்ஸி அம்மாள் விட்டுச்சென்ற சிறு தொகையை வைத்துக்கொண்டு 1925-ல் ஓல்ட் விக் நாடகசாலையில் மாணவியாகச் சேர்ந்தபோது அவருக்கு வயது 33. கதாநாயகிகள் ஓய்வு பெறுவதைப் பற்றி யோசிக்கும் வயது! லண்டன் வெஸ்ட் எண்ட் மேடையில் கால் வைத்தது 1933-ல். முகமே போதுமென்றால், அந்த முகம் 1925-லும் அதே முகம்தானே? நடுவில் எட்டு வருஷம் எதற்கு?

1941-ல் நோயல் கவர்டின் 'பிளைத் ஸ்பிரிட்' நாடகத்தில், ஆவிகளை அழைக்கும் மேடம் ஆர்க்காட்டியாக வந்தார். அந்த வேஷத்தை ஏற்க முதலில் தயங்கியவர் அவர். பிறருடைய நம்பிக்கையைக் கேலி செய்வதாகிவிடுமே என்ற தயக்கம். பிறகு ஏற்றபோது, ஆர்க்காட்டி தன் வித்தையை எவ்வளவு மனப்பூர்வமாக நம்புகிறாளோ, அவ்வளவு மனப்பூர்வமாக நம்பியே நடித்தார். 1945-ல் டேவிட் லீன் எடுத்த படத்தில் இன்றும் பார்க்கலாம்: நம்மைச் சிரிக்க வைக்க அவர் ஒரு முயற்சியும் செய்வதில்லை. அந்தச் சிரத்தையே நம்மைச் சிரிக்க வைக்கிறது.

பிறவிக் கோமாளி என்கிறவர்கள் இன்னும் சிலவற்றுக்குப் பதில் சொல்லட்டும். 1940-ல் 'ரெபெக்கா' நாடகத்தில் குலை நடுங்க வைக்கும் மிஸஸ் டான்வர்ஸாக மேடையில் நின்றவர் யார்? ஆஸ்கார் வைல்டின் ஒரே நாடகத்தில், 1939-ல் அசட்டு உபாத்தியாயினி மிஸ் பிரிஸமாகவும், 1947-ல் அமெரிக்காவில் அதிகாரமே உருவான லேடி பிராக்னலாகவும் வந்தவர் யார்? ஆர்சன் வெல்ஸின் 'சைம்ஸ் அட் மிட்நைட்' படத்தில், ஃபால்ஸ்டாஃப் செத்துப்போன செய்தியைச் சொல்லி நெஞ்சை அடைக்க வைத்த கிழவி யார்? எல்லாம் அதே முகவாய்க்கட்டைதான்! ஒரே முகம் சிரிக்கவும் நடுங்கவும் கலங்கவும் வைத்தால், வேலை செய்தது முகமாக இருக்க முடியாது.

இந்த அநியாயத்தின் வேர் நம்மிடம்தான் இருக்கிறது. அழகான பெண் நன்றாக நடித்தால் திறமை என்கிறோம். பருத்த, வயதான பெண் நன்றாக நடித்தால் இயற்கை என்கிறோம். 1963-ல் வந்த 'தி வி.ஐ.பி.ஸ்' படத்துக்கு விளம்பரம் எலிசபெத் டெய்லரும் ரிச்சர்ட் பர்ட்டனும். படத்துக்குக் கிடைத்த ஒரே ஆஸ்கார், மாளிகையைக் காப்பாற்றக் காசில்லாமல் விமானம் ஏறும் சீமாட்டியாக வந்த ரூதர்ஃபோர்டுக்கு. அப்போது அவருக்கு 71 வயது. விருதின் பெயரோ 'துணை நடிகை'! யாருக்குத் துணை?

மிஸ் மார்ப்பிளாக 1961 முதல் அவர் நடித்த நான்கு படங்களும் அகதா கிறிஸ்டிக்குப் பிடிக்கவில்லை. மார்ப்பிள் ஒல்லியான, அமைதியான கிழவி; இவர் நேர்மாறு. ஆனாலும் 1962-ல் வெளியான தம் நாவலொன்றைக் கிறிஸ்டி இவருக்கு வியப்போடு சமர்ப்பணம் செய்தார். படத்தை ஏற்காதவருக்கும் நடிப்பைப் பிரித்துப் பார்க்கத் தெரிந்தது. எழுத்து என்ற வேலையின் கஷ்டம் அறிந்தவருக்கு வேறொரு வேலையின் கஷ்டமும் தெரியும்.

ரூதர்ஃபோர்ட் 1967-ல் 'டேம்' பட்டம் பெற்று, 1972-ல் காலமானார். இனி அவர் படத்தைப் பார்க்கும்போது தாராளமாகச் சிரியுங்கள். சிரித்து முடித்ததும் முகத்தையும் விதியையும் புகழ்ந்துவிட்டு எழுந்து போகாதீர்கள். கூலி உழைத்தவருக்குச் சேர வேண்டும்.