தவளைக்கு வாயே சாட்சி

மழை கொட்டி ஓய்ந்த இரவுகளில் கொல்கத்தாவின் பவானிபூரிலும் தவளைக் கச்சேரி உண்டு. வீட்டு மூலையில் ஒதுங்கும் தேரைக்கு வங்காளத்தில் 'குனோ பேங்' என்று பெயர். குளத்துப் பெருந்தவளை 'கோலா பேங்'. இந்த இரண்டையும் சிறுவர்கள்கூடப் பிரித்துச் சொல்லிவிடுவார்கள். அதற்கு மேல் போனால் விலங்கியல் படித்தவர்களே திணறுகிறார்கள்.

கோலா பேங்குக்கே அச்சு அசலாக ஒரு பங்காளி இருக்கிறது: ஜெர்டன் தவளை. அதன் பின்னங்காலில், உள்விரலின் அடியில், மண்வெட்டி போல ஒரு பெரிய முண்டு உண்டு. மண்ணைத் தோண்டிப் புதைந்துகொள்ள உதவும் கருவி. கோலா பேங்குக்கு அது சிறியது. அடையாளம் காலில் இருக்க, கேமராக்காரர்கள் படம் பிடிப்பதோ முதுகை.

வயல்களில் துள்ளும் சின்னத் தவளைகளின் கதை இன்னும் சிக்கலானது. ஜாவா தீவின் தவளை ஒன்றுக்கு 1829ல் வைத்த பெயரையே இந்தியாவின் பல தவளைகளுக்கும் நெடுங்காலம் சூட்டிவந்தார்கள். முதுகில் ஓடும் வெள்ளைக் கோட்டை நம்பவும் முடியாது. ஒரே இனத்தில் சிலவற்றுக்கு அது இருக்கும், சிலவற்றுக்கு இருக்காது. உடல் அளவுகளையும் மரபணுவையும் ஒப்பிட்ட ஆய்வாளர்கள், மேற்குத் தொடர்ச்சி மலையின் மத்தியப் பகுதியில் மட்டும் நான்கு புதிய இனங்களை 2007ல் அறிவித்தார்கள்.

1916ல் தொடங்கப்பட்ட இந்திய விலங்கியல் ஆய்வகத்தின் தலைமையகம் பவானிபூருக்குச் சற்றுத் தள்ளி நியூ ஆலிப்பூரில் இருக்கிறது. இத்தகைய நிறுவனங்களில் பாடம் செய்து வைக்கும் தவளைகளுக்கு நிறம் மங்கிவிடும். குரல் அடியோடு போய்விடும். உயிருள்ள ஆண் தவளையோ தன் இனத்துப் பெண்ணுக்குப் புரியும் தனிக் குரலில் அழைக்கிறது. கர்நாடகக் கடற்கரையில் மீன்கொத்தியைப் போலக் கத்திய ஒரு தவளையை வனத்துறை ஊழியர் ஒருவர் கவனித்தார். 2016ல் 'கராவளி' என்ற புதிய இனம் பதிவானதற்கு அதுவே தொடக்கம்.

இதனால் யாருக்கு என்ன லாபம்? 'எங்கும் இருப்பது' என்று எழுதிவைத்த ஒரே பெயருக்குள் நான்கு இனங்கள் ஒளிந்திருந்தால், அவற்றில் ஒன்று ஒரே வட்டாரத்தில் மட்டும் வாழ்வதாக இருக்கலாம். அங்கே வயல்கள் வீட்டு மனைகளாகும்போது ஓர் இனமே அழிந்துவிடும். கணக்கில் மட்டும் எதுவும் குறையாது.

தவளை தன் வாயால் கெடும் என்பது பழமொழி. இனி அது பிழைக்க வேண்டியதும் அந்த வாயால்தான். காதுகொடுத்துக் கேட்க ஆள் வேண்டும்.