பிரதி எடுத்தீர்களா?

கல்யாணப் படம், குழந்தையின் மழலைப் பேச்சு எல்லாம் இன்று வீட்டிலுள்ள ஒரு சேமிப்புப் பெட்டியில் அடங்கிவிடுகின்றன. அந்தப் பெட்டியை இயக்கும் மென்பொருள்தான் 'பர்ம்வேர்'. புதிய பதிப்பு வந்தால் மாற்றத்தான் வேண்டும். பழையதில் ஓட்டை இருந்தால் திருடன் புகுவான். 'மை புக் லைவ்' பெட்டிகளுக்கு 2015-க்குப் பின் புதிய பதிப்பே வரவில்லை. 2021 ஜூனில் யாரோ இணையம் வழியே புகுந்து, பலருடைய படங்களை அடியோடு அழித்துவிட்டார்கள்!

ஆனால், மாற்றும்போது பாதியில் கரண்டு போனால்? பெட்டி படுத்துவிடலாம்.

"உள்ளே இரண்டு டிஸ்க் இருக்கிறதே!" என்பார் வீட்டுக்காரர். இருக்கட்டும். ஒன்றில் தவறிப்போய் அழித்தால் மற்றதிலும் அழியும். அதைப் பிரதி என்று நம்புவது வீண்.

ஆகவே, முதலில் தனி டிஸ்க்கில் பிரதி எடுங்கள். நாலைந்து படங்களைத் திறந்து பாருங்கள். டிஸ்க்கைக் கழற்றி பீரோவில் வையுங்கள். பிறகு பொத்தானை அழுத்தலாம். ராத்திரி முழுக்க ஆனாலும் ஆகட்டும்.